உப்பை மாற்றினால் கண்டுபிடிப்பா?

வேதியியலில் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்துத்தான் விடை கிடைத்தது என்றால் அது கண்டுபிடிப்புத்தான், காப்புரிமை கொடுத்துவிட வேண்டும். மருந்துத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்கூட இப்படி நம்புகிறார்கள். இது தவறு. இந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர் மாதாமாதம் மருந்துக் கடையில் நிற்கும் நோயாளி.

ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினை எடுத்துக்கொள்வோம். ஃபைசர் நிறுவனம் அந்த மூலக்கூறுக்கு ஏற்கெனவே காப்புரிமை பெற்றிருந்தது. அதன் மலியேட் உப்பை மாத்திரையாக அடித்தபோது இயந்திர அச்சில் ஒட்டிக்கொண்டது. நாள்பட நிலைத்தும் நிற்கவில்லை. எனவே வேறு உப்புகளைச் சோதித்து, பெசிலேட் எனப்படும் பென்சீன் சல்போனேட் உப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கும் தனியாக ஒரு காப்புரிமை வாங்கினார்கள்.

அபோடெக்ஸ் நிறுவனம் அதை எதிர்த்தது. கீழ் நீதிமன்றம் ஃபைசர் பக்கம் நின்றது. 2007 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. மருந்துகளில் சேர்க்க ஏற்கப்பட்ட எதிரயனிகள் 53. அவற்றின் பட்டியல் 1977-லேயே ஆய்விதழில் அச்சாகியிருந்தது. பென்சீன் சல்போனேட் அதில் இருந்தது. அரிதாகப் பயன்பட்டது என்பது உண்மை; ஆனால் அது தெரியாத பொருள் அல்ல. மாத்திரை ஒட்டுகிறது என்றால் உப்பை மாற்றிப் பார்ப்பதுதான் மருந்தாக்க வேதியியலாளரின் அன்றாட வேலை. எது நன்றாக அமையும் என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும், ஏதாவது ஒன்று அமையும் என்று எதிர்பார்க்க நியாயமான காரணம் அவருக்கு இருந்தது. காப்புரிமையை மறுக்கச் சட்டம் கேட்பது அந்த நியாயமான எதிர்பார்ப்பை மட்டுமே, முழு நிச்சயத்தை அல்ல.

சோதனை தேவைப்பட்டது என்பதும், விடை யாரும் எதிர்பாராதது என்பதும் ஒன்றல்ல. சோதித்தாலே கண்டுபிடிப்பு என்று நம்புகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பூட்டைத் திறக்கக் கொத்துச்சாவியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவருக்கு நேரம் ஆகலாம், கை வலிக்கலாம். அதற்காகச் சாவியைச் செய்தவர் அவர் ஆகிவிட மாட்டார்.

வழக்கை முழு அமர்வு மீண்டும் விசாரிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றத்தில் நீதிபதிகள் சிலர் எழுதினார்கள். அவர்களில் நியூமன், லூரி இருவரும் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். அவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் கணிக்க முடியாமை என்ற ஒன்றை மட்டும் வைத்துக் காப்புரிமை கொடுத்தால், மருந்து உலகில் காப்புரிமை பெறாத உப்பே மிஞ்சாது.

இப்படிச் சொல்வதால் சிறு மாற்றங்கள் எல்லாமே வெளிப்படையானவை, காப்புரிமைக்குத் தகுதியற்றவை என்று ஆகிவிடாது. அதே ஆண்டு ஜூனில் அதே நீதிமன்றம் டகேடா நிறுவனத்தின் நீரிழிவு மருந்தான பியோகிளிட்டசோனின் காப்புரிமையைக் காப்பாற்றியது. ஏற்கெனவே தெரிந்திருந்த சேர்மத்திலிருந்து வித்தியாசம் சிறிது: மீதைல் போய் எதைல் வந்தது, வளையத்தில் அதன் இடமும் மாறியது. ஆனால் அந்தப் பழைய சேர்மம் விலங்குகளின் உடல் எடையையும் பழுப்புக் கொழுப்பையும் கூட்டியது என்று முந்தைய ஆய்வே சொல்லியிருந்தது. அதைத் தொடக்கமாக எடுத்துத் திருத்தத் தூண்டும் காரணம் ஏட்டில் எங்கும் இல்லை. அம்லோடிபினில் அந்தக் காரணமும் இருந்தது, தேட வேண்டிய பட்டியலும் இருந்தது.