அடுப்படியும் தறியும்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஐயம்பேட்டை மாதிரி நெசவாளர் ஊரில் காலையில் நடந்து போகிறவருக்கு, தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு ஒன்று தற்செயலாக எதிர்ப்படலாம். அந்த நூலுக்கு விறைப்பு தருவது வேறொன்றும் இல்லை... அரிசிக் கஞ்சி! அடுப்படியில் இருப்பதுதான் தறிக்கும் போகிறது.

அடுப்படியில் இருப்பவரும் அப்படித்தான். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் தேவை. பல வீடுகளில் அது மனைவியோ மகளோதான். தார் சுற்றுவதும் அவர்களே. நடுவில் சோறும் குழம்பும் வேறு! ஆனால் "நெசவாளர் யார்?" என்று கேட்டால், தறியில் உட்கார்ந்தவரை மட்டும்தான் கை காட்டுவார்கள்.

2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்தது, நல்ல விஷயம். அந்த இரண்டாவது ஆளுக்கும் கூலிக் கணக்கில் ஒரு வரி வேண்டாமா?

சமைத்தவரை ஒரு வார்த்தை பாராட்டாமல் கை கழுவ எழுந்து போவது வீட்டுக்கு வீடு இருக்கும் பழக்கம். அதே பழக்கம்தான் தறி வரைக்கும் போயிருக்கிறது. அடுத்த முறை பட்டுப் புடவையைத் தொடும்போது, அதில் எத்தனை பேர் கை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.