எதிரே உட்கார்ந்தவர் யார்?

2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆறாவது கேரம் உலகக் கோப்பை நடந்தது. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து போன காசிமா, பெண்கள் ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்று பிரிவிலும் தங்கம் வாங்கித் திரும்பினார். அப்போது வயது 17. தந்தை ஆட்டோ ஓட்டுநர். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுப்பவர். தமிழ்நாடு அரசு காசிமாவுக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்துப் பாராட்டியது. அதிலிருந்து ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையில், கேரம் போர்டு இருக்கிற இடமெல்லாம் ஒரு வாதம் சூடாக நடக்கிறது. வியாசர்பாடி இளவழகியை விட இந்தப் பெண் பெரிய ஆட்டக்காரியா? தலை நரைத்தவர்கள் இன்னும் பின்னால் போகிறார்கள். மரிய இருதயம் ஆடிப் பார்த்தவர்கள் வேறொரு பெயரைச் சொல்வார்களா?

வெட்டிப் பேச்சு என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. துறைமுகத்தில் லோடு இறக்கியவரும், எண்ணூர்ப் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்தவரும், காசிமேட்டில் கரையேறிய மீனவரும் ஒரே பலகையைச் சுற்றி உட்காரும் ஆட்டம் இது. 2018இல் வந்த ‘வட சென்னை’ படத்தின் அன்பு ஒரு கேரம் ஆட்டக்காரன். அதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன் தெருவின் ஆட்டத்தில் யார் பெரியவர் என்று கேட்க ஒரு ஊருக்கு முழு உரிமை உண்டு. எதை வைத்து அளக்கிறோம் என்பதில்தான் நாம் சறுக்குகிறோம்.

இப்போது அளவுகோலாக இருப்பது பதக்கமும் பரிசுத் தொகையும். பரிசுத் தொகை அந்தந்த அரசின் கொள்கையைக் காட்டும், ஆட்டத்தைக் காட்டாது. அதை விட்டுவிடலாம். பதக்கக் கணக்கு அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதல்ல. சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன்ஷிப் வென்றார். தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றார். 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகளான இளவழகி 2008இல் பிரான்ஸின் கான் நகரில் பெண்கள் உலகச் சாம்பியன்ஷிப்பை வென்றார். காசிமாவுக்கு ஒரே போட்டியில் மூன்று தங்கம். உலகத் தங்கங்களின் எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் காசிமா இரண்டு பேரையும் தாண்டிவிட்டார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் உலகச் சாம்பியன்ஷிப் வேறு, உலகக் கோப்பை வேறு. இரண்டும் தனித்தனிப் போட்டிகள். செய்திகளில் இரண்டுக்கும் ‘உலகச் சாம்பியன்’ என்ற ஒரே பட்டம்தான் கிடைக்கிறது. பெரிய குழப்பம் இதற்கும் அடியில் இருக்கிறது. கேரத்தில் உலகப் பட்டம்தான் சிகரம், தேசியப் பட்டம் அதற்கு ஒரு படி கீழே என்று நினைக்கிறோம். ஓட்டப்பந்தயத்தில் அது சரி. கேரத்தில் பெரும்பாலும் தலைகீழ். இது துணைக்கண்டத்தில் வேரூன்றிய ஆட்டம். சர்வதேசக் கேரம் சம்மேளனமே 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. உலகப் போட்டிக்கு ஒரு நாடு சிலரைத்தான் அனுப்ப முடியும். தேசியப் போட்டியிலோ மகாராஷ்டிரத்தின் மொத்தப் படையும், பெட்ரோலிய நிறுவனங்களின் விளையாட்டு வாரியம் போன்ற அணிகளில் வேலையோடு ஆட்டத்தையும் பார்த்துக்கொள்பவர்களும், தெருவிலிருந்து ஏறி வந்த தமிழ்நாட்டுக்காரர்களும் ஒரே மண்டபத்தில் மோதுகிறார்கள். இந்தியர்களை அசைக்கும் ஆற்றல் இலங்கைக்கு உண்டு. 2012இல் கொழும்பில் ஆண்கள் உலகப் பட்டத்தை நிஷாந்த பெர்னாண்டோ தட்டிச் சென்றார். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், உலகப் போட்டியின் கடைசிச் சுற்றுகளில் எதிரே உட்காருபவர் பல சமயம் நம் நாட்டுக்காரராகவே இருக்கிறார். ஆகவே மரிய இருதயத்தின் இரண்டு உலகப் பட்டங்களை விட, ஒன்பது தேசியப் பட்டங்களே அவர் யார் என்பதைச் சொல்கின்றன. ஒன்பது முறை அந்த மண்டபத்தில் எல்லோரையும் தாண்டி வந்திருக்கிறார்.

காலம் கடந்து ஒப்பிட என் கையில் உள்ள முதல் கேள்வி, எதிரே உட்கார்ந்தவர் யார் என்பதே. இளவழகியையும் காசிமாவையும் இணைக்க நமக்கு ஓர் ஆளும் கிடைக்கிறார்: பிகாரின் ரஷ்மி குமாரி. இளவழகி ஆடிய காலத்திலேயே முன்னணியில் இருந்தவர், 2012இல் கொழும்பில் உலகச் சாம்பியன், தேசியப் பட்டங்களைக் குவித்தவர். 2024 உலகக் கோப்பையின் ஒற்றையர் இறுதியில் காசிமா வீழ்த்தியது அவரைத்தான். இரண்டு தலைமுறைகளோடும் ஆடிய ஒருவர் நடுவில் இருப்பது பெரிய வாய்ப்பு. ஆனாலும் இதில் ஒரு பொறி உண்டு. இளவழகியின் காலத்து ரஷ்மியும், 2024இன் ரஷ்மியும் ஒரே ஆட்டக்காரர் அல்ல. ஆண்டுகள் போகப் போக விரலின் கூர்மை குறையலாம், அனுபவத்தின் கூர்மை ஏறலாம். எது எவ்வளவு என்பதை ஒற்றை இறுதி ஆட்டம் சொல்லாது. அந்த வெற்றி காசிமாவைப் பெரியவர்களின் வரிசையில் உட்கார வைத்தது. அந்த வரிசையில் எத்தனையாவது இடம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

இரண்டாவது கேள்வி பலகையைப் பற்றியது. சட்டப்படி பார்த்தால் கேரத்தில் அளவுகள் கறாரானவை. ஆடுபரப்பு சுமார் 74 செ.மீ. சதுரம். காயினின் எடை ஐந்திலிருந்து ஐந்தரை கிராம். ஸ்டிரைக்கர் 15 கிராமைத் தாண்டக்கூடாது. அந்த 15 கிராம் ஸ்டிரைக்கரை முழு வலுவோடு அடித்தால் பலகையைக் குறைந்தது மூன்றரை முறை குறுக்கே கடக்க வேண்டும். இவ்வளவு விதி இருந்தும், மேட்ச் தொடங்குவதற்கு முன் பலகையைப் பழகிக்கொள்ள ட்ரையல் போர்டு ஆடவிடுகிறார்கள். ஒரு பலகை போல இன்னொன்று ஓடாது என்று விதி எழுதியவர்களுக்கே தெரியும். கடலோரத்துக் காற்றில் அது இன்னும் மோசம். மாலையானால் போரிக் பவுடர் ஈரம் ஏறிக் கட்டிபடும், மர இணைப்புகள் உப்பும், நடுவில் பலகை லேசாகக் குழியும். அப்படிப்பட்ட பலகையில் பழகிய கை அழுத்தி அடிக்கும். அதே கை, குளிரூட்டிய மண்டபத்தில் வழவழப்பான தடிமனான பலகை முன்னால் உட்கார்ந்தால், ஸ்டிரைக்கர் எகிறி ஓடும். தெருப் பலகையிலிருந்து கிளம்பிய பழைய ஆட்டக்காரர்கள், போட்டிக்குப் போன இடத்தில் தங்கள் கையை மறுபடி பழக்க வேண்டியிருந்தது. இன்று வட சென்னையின் பயிற்சி இடங்களில் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே போட்டித் தரமான பலகையில் உட்காருகிறார்கள். நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் ஒப்பிடும்போது கணக்கில் வர வேண்டிய மாற்றம்.

காலம் கடந்து ஒப்பிடும் இந்தத் தலைவலியோடு அமெரிக்கர்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் ஊர்க் கல்லூரிக் கால்பந்தில் பந்தைக் கையால் எறிவார்கள். ஓடிப்போய் அதைப் பிடிப்பவர் ரிசீவர். அலபாமா பல்கலைக்கழகத்தில் 1930களின் முதல் பாதியில் ஆடிய டான் ஹட்சன் பெரியவரா, 2020இல் அதே பல்கலைக்கழகத்துக்கு 117 பந்துகளைப் பிடித்து நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கிய டிவான்டா ஸ்மித் பெரியவரா? ஹட்சன் காலத்தில் அணிகள் பந்தை எறிவதே அபூர்வம். போதாததற்கு, பருவத்தின் முடிவில் நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களை 2002 வரை அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரத்தில் சேர்க்கவே இல்லை. பழைய ரிசீவர்கள் மிகப் பெரிய மேடையில் ஆடிய ஆட்டம் அவர்கள் கணக்கில் ஏறவில்லை. அதனால் அங்கே விவரமறிந்தவர்கள் மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுவதில்லை. அந்த ஆண்டில் மற்ற ரிசீவர்களை விட அவர் எவ்வளவு தூரம் முன்னால் நின்றார் என்று பார்க்கிறார்கள்.

அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கேரத்துக்கு அதைவிடச் சாதகமான ஒன்று இருக்கிறது. ரிசீவருக்குப் பந்தை எறிய ஒருவர் வேண்டும், தடுக்க வருபவரைத் தாண்டியாக வேண்டும். கேரத்தில் ஸ்டிரைக்கர் உங்கள் கையில் இருக்கும் வரை எதிராளி செய்யக்கூடியது எதுவும் இல்லை. பிரேக் அடித்தவர் அதே முறையில் வெள்ளைக் காயின்கள் ஒன்பதையும் ரெட் எனப்படும் சிவப்புக் காயினையும் விடாமல் குழியில் போட்டுவிட்டால் அது ஒயிட் ஸ்லாம். எதிரே இருப்பவர் ஸ்டிரைக்கரைத் தொடுவதற்குள் போர்டு முடிந்திருக்கும். பிரேக் அடிக்காதவர் தனக்கு வாய்ப்பு வந்த முதல் முறையிலேயே கறுப்பு முழுவதையும் ரெட்டோடு முடித்தால் பிளாக் ஸ்லாம். எதிராளியின் தரம் இங்கே ஏறக்குறைய மறைந்து, ஆட்டக்காரரும் பலகையும் மட்டும் மிஞ்சுகிறார்கள். நூறு பிரேக்கில் மரிய இருதயம் எத்தனை ஸ்லாம் அடித்தார், இளவழகி எத்தனை, காசிமா எத்தனை என்று தெரிந்தால், பலகையின் மாற்றத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு, மூன்று பேரையும் ஒரே தராசில் நிறுத்தலாம்.

அந்தக் கணக்கு மக்கள் கையில் இல்லை. கிடைப்பது 25–8, 19–25, 25–14 என்ற மாதிரி முடிவுகள். இருபத்தைந்து புள்ளி அல்லது எட்டு போர்டு என்பது ஆட்டத்தின் எல்லை. ஒரு போர்டில் அதிகபட்சம் ஒன்பது காயினும் ரெட்டுக்கு மூன்றும் சேர்த்துப் பன்னிரண்டு புள்ளி. ஆக 25–8 என்பதை நான்கே போர்டில் அடித்து நொறுக்கியிருக்கலாம். எட்டு போர்டு வரை இழுத்து, எதிராளியைக் காயின் எடுக்கவிடாமல் கட்டிப்போட்டு, சில்லறை சில்லறையாகச் சேர்த்திருக்கலாம். இரண்டும் இரு வேறு கலைகள். முடிவு மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தெரியும்.

பெண்களைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். தெருமுனை கேரம் கிளப் ஆண்களின் இடம். தாழத் தொங்கும் பல்பின் கீழே இரவு பத்து மணி வரை பந்தயம் கட்டி ஆடி, தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் அது. பையன்கள் அங்கே பல விதமான கைகளைச் சந்திக்கிறார்கள்: கட் ஷாட்டில் தேர்ந்தவர், மூன்று பக்கமும் இடித்துப் போடுபவர், காயினை மறைத்து வைத்தே எதிராளியைக் களைக்க வைப்பவர். பெண்ணுக்கு அந்தப் பலகை முன்னால் இடம் கிடையாது. அவள் கற்பது வீட்டில், அப்பா அல்லது அண்ணன் முன்னால், அல்லது அக்கறையுள்ள ஒருவர் நடத்தும் பயிற்சி இடத்தில். இளவழகி 2008இல் கான் நகர் வரை போனபோது, இந்தப் பகுதிப் பெண்களுக்கு முன்னால் நடந்து காட்டியவர்கள் அதிகம் இல்லை. காசிமா உட்கார்ந்தபோது இளவழகி என்ற பெயர் இருந்தது, சொல்லிக்கொடுக்கும் தந்தை இருந்தார், கூடப் பயிலும் பெண்கள் இருந்தார்கள். காசிமாவின் வெற்றியை இது ஒரு துளியும் குறைக்காது. இளவழகியின் 2008ஐ ஒற்றைப் பதக்கமாக எண்ணிவிட்டுப் போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் தீர்ப்பைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன். இன்றுவரை நம் ஊரின் மிகப் பெரிய கேரம் ஆட்டக்காரர் மரிய இருதயம். ஒன்பது தேசியப் பட்டங்களுக்கு எதிரே வைக்க வேறொன்று இல்லை. மூவரின் வெற்றிகளில், கிளம்பிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் இடைவெளி மிக அதிகமாக இருந்தது இளவழகியின் 2008. காசிமாவுக்கு உலகக் கோப்பை வந்தது 17 வயதில். தேசியப் போட்டிகளில் அவர் அடுத்த பத்தாண்டு என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு இந்த வரிசையை மாற்ற நான் தயார்.

அப்படி மாற்றுவதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு மேட்சிலும் அம்பயர் கையில் ஸ்கோர் ஷீட் இருக்கிறது. அதில் பிரேக் யாருடையது, அந்த முறையில் எத்தனை காயின் விழுந்தது, போர்டு எத்தனையாவது முறையில் முடிந்தது என்று மூன்று கட்டம் கூடுதலாக அச்சிட்டால் போதும். மாநிலப் போட்டியிலிருந்தே இதைத் தொடங்கலாம். தாள்களை ஸ்கேன் செய்து யாரும் பார்க்கும்படி வைக்கலாம். சங்கங்களின் பீரோக்களிலும் பழைய அம்பயர்களின் வீட்டுப் பெட்டிகளிலும் எண்பதுகளின், தொண்ணூறுகளின் தாள்கள் கரையான் அரிக்காமல் மிஞ்சியிருந்தால், அவற்றை முதலில் வெளியே எடுக்க வேண்டும். காசிமாவுக்கு ஒரு கோடி கொடுத்த அரசு, அதில் சிறு பங்கை இந்த வேலைக்கு ஒதுக்கினால் வரும் ஆண்டே முடித்துவிடலாம்.