மலிவு விலைப் பென் ட்ரைவ்



கல்முனையில் டைப்பிங், போட்டோக் கொப்பி செய்து குடும்பம் பார்க்கும் சகோதரிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "ஒன்லைனில் 2 டெராபைட் பென் ட்ரைவ் 1,500 ரூபாய்க்குப் போடுகிறார்கள், எடுக்கலாமா?"

வேண்டாம். அந்த விலைக்கு அந்த அளவு வராது. உள்ளே சில ஜீபீ சிப்தான் இருக்கும். கணினிக்கு 2 டெராபைட் என்று பொய் காட்டும்படி மாற்றியிருப்பார்கள். சிப் நிரம்பிய பிறகு போடுவதெல்லாம் பெயரளவில் தெரியும், திறந்தால் ஒன்றும் இராது. காணாமற்போன கணவரின் படமும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் அதில் மட்டும் இருந்தால் என்ன செய்வீர்கள்?

வாங்கிவிட்டவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். அதுவரை பழைய பிரதியை அழிக்காதீர்கள். பார்சல் கைக்கு வந்த பின் காசு கொடுப்பது நல்லதுதான். ஆனாலும் பெட்டியைப் பார்த்து சிப்பை அறிய முடியாது. ஆகவே திறக்கும்போதே வீடியோ எடுங்கள். விளம்பரப் படம், விற்பவரின் முகவரி, ரசீது மூன்றும் வேண்டும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, முறைப்பாட்டை வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். "நாலு பேர் சிரிப்பார்களே" என்று பேசாமல் இருந்தால் அந்த மூன்று மாதமும் போய்விடும்.