அம்மையும் மாதாவும்

கோரிமேட்டில் ஜிப்மர் வைத்தியசாலை அமைந்துள்ள பகுதிக்குத் தன்வந்திரி நகர் என்று பெயர். 1823-ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரர் புதுவையில் நிறுவிய வைத்தியக் கல்லூரியின் வழிவந்தது அது. அதற்குக் கூப்பிடு தொலைவில், மாடிக்கட்டடம் ஒன்று எழும்பிய இடத்திற் பீகார் நாட்டுக் கூலியாட்கள் குடிசையிட்டிருந்தனர். அவர்தம் குழந்தை யொன்றிற்குத் தட்டம்மை கண்டது. சுகாதார ஊழியர் ஒருவர் தமிழில் அச்சிட்ட தாளைக் கொடுத்து, "மூடநம்பிக்கையை விடுங்கள்" என்று கடிந்து சென்றார். குடிசையின் படல் உடனே அடைபட்டது.

"மாதா வந்திருக்கிறாளாம், வைத்தியரிடம் போகமாட்டார்களாம்" என்றார் மேஸ்திரி. மாதா என்றவுடன் கிறிஸ்தவராகிய நமக்கு வேறோர் அன்னை நினைவுக்கு வரச் சற்றே மயங்கினோம். பின்னரே விளங்கிற்று. நாம் அம்மை என்பதும் அவர்கள் மாதா என்பதும் ஒன்றே யன்றோ? அவர்கட்குச் சீதளாதேவி, நம்மவர்க்கு மாரியம்மன். 1854 முதல் பிரெஞ்சுக் கப்பல்களிற் குவாதலூப் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் மாரியம்மனையும் உடன்கொண்டே சென்றனர். இன்றும் அங்கு அவளுக்கு வழிபாடுண்டு. கடல்கடந்த நம்மவர் செய்ததை ரயிலேறி வந்தவர் செய்தால் மூடர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

நிற்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சனங்கள் அம்மை குத்திக்கொள்ள அஞ்சினர். அப்பொழுது சென்னையில் அலுவல் பார்த்த எல்லிஸ் துரை ஒரு கதை புனைந்தார். பசு தரும் ஐம்பொருளோடு ஆறாவதாக அம்மைப்பாலும் சேர்ந்ததெனத் தேவி தன்வந்திரிக்கு உரைப்பதாக அக்கதை செல்லும். கேட்போர் மனமறிந்து பேசிய துரையைப் போற்றுகிறோம். புராணம்போற் பொய் புனைந்ததை ஒப்போம். மெய்யையே அவர்கள் சொல்லிற் சொல்ல இயலாதா?

இட்லி விற்கும் பாட்டி ஒருத்தி சொன்னாள். "வேப்பிலை இருக்கட்டும் அம்மா; பிள்ளையைத் தனியே வைத்ததும் நல்லதே. மூச்சு வாங்குகிறதே, வைத்தியரிடம் காட்டிவிட்டு வா. ஆத்தாள் கோபிக்கமாட்டாள்" என்றாள், மேஸ்திரி இந்தியில் எடுத்துரைத்தார். ஆத்தாளின் கோபத்தைப்பற்றி நாம் ஒன்றும் சொல்லத் துணியோம். மற்றவை யாவும் வைத்தியநூல் ஒப்புவனவே. தட்டம்மையிற் பெரும்பாலும் உயிர்குடிப்பது நுரையீரற் சுரம். அன்று மாலையே தாய் குழந்தையோடு சென்றாள். அதற்கு வைட்டமின் ஏ கொடுத்தனர். உடன்பிறந்தாளுக்குத் தடுப்பூசியும் போட்டனர்.

அத்தாளை இனி அச்சிடுவோர் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் அச்சிடுக. முதல் வரியில் மூடநம்பிக்கை என்னும் சொல் வேண்டா. வேப்பிலை கட்டிய வீட்டில் என்ன செய்தல் வேண்டும் என்று தொடங்குக.