அரளியும் இயற்கைதானே?

கொடைக்கானல் போய்வந்த அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். பாக்கெட் பாலில் என்ன கலக்கிறார்கள், தக்காளிக்கு எத்தனை முறை மருந்தடிக்கிறார்கள், பிராய்லர் கோழிக்கு எங்கே ஊசி போடுகிறார்கள் என்று இலையில் சோறு ஆறும்வரை வகுப்பெடுத்தான். செக்கு எண்ணெயில் பொரிக்காத அப்பளம்கூட வேண்டாம் என்கிற கட்சி. கை கழுவிவிட்டு வந்து, அவன் அம்மா காதில் விழாத தூரத்தில், வட்டக்கானலில் நண்பர்களோடு போதைக் காளான் சாப்பிட்ட கதையைச் சொன்னான். நெஞ்சு படபடவென்று அடித்ததாம். அது ட்ரிப்பில் சகஜமாம். ‘ஏதாவது ஆயிருந்தா என்னடா பண்ணியிருப்பீங்க?’ என்றேன். ‘இதுல என்ன ஆகும் மாமா? கெமிக்கலா சாப்பிட்டோம்? மழை பேஞ்சா மண்ணுல தானா முளைக்கிறது. நேச்சுரல்’ என்றான்.

அரளியும் மண்ணில் தானாகத்தான் முளைக்கிறது.

இவர்கள் காரில் பறந்த நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் மைல் கணக்கில் பூத்து நின்றது எதுவாம்? அரளிதான். ஏன் அதைத் தேடி நடுகிறார்கள்? அதிகம் தண்ணீர் கேட்காது, வண்டிப் புகையைத் தாங்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆடு மாடு வாய் வைக்காது. ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது, பி.இ. படித்தவனுக்குத் தெரியவில்லை. செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டின் நஞ்சும் குறிவைப்பது இதயத்தை. இதயத் தசையின் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி மாற்றித் தள்ளும் பம்பை முடக்கிவிடும். துடிப்பு தாளம் தப்பும். எந்தத் தொழிற்சாலையிலும் காய்ச்சாத, உரம் காணாத, பூச்சிமருந்து படாத, நூறு சதவீத ஆர்கானிக் நஞ்சு. இதே குடும்பத்துப் பொருளொன்றை ஃபாக்ஸ்குளோவ் செடியிலிருந்து எடுத்து டிஜாக்சின் என்று இதய நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். மாத்திரையில் இருப்பது கால் மில்லிகிராம். அதையும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதுவார்கள். மண்ணில் முளைத்தது என்பதற்காக எந்த மருத்துவரும் அதைக் கைப்பிடி அளவில் அள்ளிக் கொடுப்பதில்லை.

இயற்கை என்றால் தீங்கில்லை என்று நம் முன்னோராவது சொன்னார்களா? கொடைக்கானலுக்குப் பழனி வழியாகவும் ஏறலாம். அந்தப் பழனி முருகன் சிலையைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது ஊரறிந்த நம்பிக்கை. சித்த மருத்துவம் பாஷாணங்களை 64 என்று கணக்கிட்டு, அவற்றில் 32ஐப் பிறவிப் பாஷாணம் என்று தனியே வைக்கிறது. யாரும் செய்யாமல், பிறந்தபோதே நஞ்சாகப் பிறந்தவை. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கும் வைத்தியர் வைத்தியரே இல்லை. ஆனால் அந்தச் சித்தர்களின் பெயரைச் சொல்லி யூடியூபில் கடை விரித்தவர்கள் ‘பக்க விளைவே இல்லாதது’ என்று டப்பாவில் அச்சடிக்கிறார்கள். பக்க விளைவே இல்லாத மருந்துக்குப் பெரும்பாலும் விளைவும் இருக்காது. இந்த டப்பாக்காரர்கள் ஆண்டுக்கணக்காக ஓதிய மந்திரத்தைத்தான் என் அக்கா மகன் இப்போது காளானுக்கு ஓதுகிறான்.

சரி, காளானுக்கு வருவோம். அதிலுள்ள சைலோசைபின் உடலுக்குள் போனதும் சைலோசினாக மாறுகிறது. சைலோசின் பார்ப்பதற்கு நம் உடலே சுரக்கும் செரோட்டோனினின் தம்பி மாதிரி இருக்கும். அந்த ஜாடையை வைத்துக்கொண்டு மூளையிலுள்ள 2ஏ என்ற ஏற்பியில் உட்கார்ந்துகொள்கிறது; சுவர் மூச்சுவிடுகிறது, மரம் பேசுகிறது. பசங்களுக்கு இந்தப் பாதிக் கதை மனப்பாடம். மறுபாதியில் 2பி என்று இன்னோர் ஏற்பி இருக்கிறது. அது இருக்கும் இடங்களில் ஒன்று இதய வால்வு. சைலோசின் அங்கேயும் ஒட்டும், எல்.எஸ்.டி.யும் ஒட்டும். இந்த ஏற்பியை நாள்கணக்கில் மாதக்கணக்கில் தூண்டிக்கொண்டே இருந்தால் வால்வின் செல்கள் பெருகித் தடிக்கும். தடித்த வால்வு சரியாக மூடாது. முன்னே போன ரத்தம் பின்னே கசியும்.

‘காளானால வால்வு கெட்டதா யாராவது நிரூபிச்சிருக்காங்களா?’ என்று கேட்பான். கேட்டான். இதே கேள்வியை 1990இல் ஃபென்ஃபுளூரமைன் பற்றிக் கேட்டிருந்தாலும் ‘இல்லையே’ என்றுதான் பதில் வந்திருக்கும். அது பசியைக் குறைத்து உடம்பை இளைக்க வைக்கும் மாத்திரை. 1973இலிருந்து அமெரிக்காவில் சட்டப்படி, மருத்துவர் சீட்டோடு விற்றது. 1997 ஜூலையில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் அதை இன்னொரு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்ட 24 பெண்களின் வால்வுகள் தடித்துக் கிடந்ததை அறிவித்தார்கள். செப்டம்பரில் மாத்திரை சந்தையைவிட்டே போய்விட்டது. காரணம் அதே 2பி. பரிசோதித்து, அனுமதி வாங்கி, மருந்துக்கடையில் விற்ற மாத்திரையின் குட்டு உடைய 24 ஆண்டுகள் ஆயின. பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, ஹோம்ஸ்டே பின்கதவில் கைமாறும் காளானுக்கு எந்த மேயோ கிளினிக் கணக்கு வைத்திருக்கிறது? பிரான்சிலும் பென்ஃபுளோரெக்ஸ் என்ற மாத்திரையால் இதே கதை நடந்து, 2009இல்தான் அதை நிறுத்தினார்கள். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுத்த மெத்திசெர்ஜைடும் வால்வைத் தடிக்க வைத்தது. அது எல்.எஸ்.டி.க்கு நெருங்கிய உறவு. இரண்டுக்கும் மூலம் எர்காட் என்கிற பூஞ்சை. கம்புக் கதிரில் தேன் ஒழுகல் நோய் என்று நம் விவசாயி பயந்து ஒதுக்குவது அந்தப் பூஞ்சையின் பங்காளியைத்தான். ஐரோப்பாவில் எர்காட் கலந்த ரை ரொட்டியைத் தின்றவர்களுக்கு ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கைகால் அழுகி விழுந்திருக்கிறது. எர்காட்டும் மழை பெய்தால் தானாக வருவதுதான், தம்பி.

ஒரு தடவை சாப்பிட்டால் வால்வு தடிக்குமா என்றால் தடிக்காது. ஆனால் இப்போது மைக்ரோடோசிங் என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை, கொஞ்சூண்டு, மாதக்கணக்கில். வேலையில் கவனம் கூடுகிறதாம், கோடிங் பிழையில்லாமல் வருகிறதாம். மேலாளர் டார்கெட் கொடுப்பார், பையன் காளான் தூளைக் காப்ஸ்யூலில் அடைத்து விழுங்குவான். பதினான்கு மணி நேரம் உட்கார வைக்கும் நிறுவனத்தை எதிர்த்து ஒரு மெயில் அனுப்பத் துணியாதவர்கள், தங்கள் வால்வைப் பணயம் வைப்பதில் மட்டும் மகா தைரியசாலிகள்.

இத்தனைக்கும் வால்வு என்றால் என்ன என்று இவன் வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவள் என் அக்கா. மூன்று வாரத்துக்கொருமுறை பென்சிலின் ஊசிக்கு அவளைப் பைக்கில் அழைத்துப்போவது இவன்தான். மாடிப்படி ஏறினால் அம்மாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவன். இந்த நாட்டில் இப்படி வால்வு கெட்டும் அது தெரியாமலே நடமாடுகிறவர்கள் ஏராளம். முதல் கர்ப்பத்தில்தான் தெரியவரும், அல்லது வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில். ரத்த அழுத்தத்தைச் சோதித்தே பார்க்காத முப்பது வயதுக்காரர்கள் அதைவிட அதிகம். காளான் சாப்பிட்டால் துடிப்பும் ரத்த அழுத்தமும் சில மணி நேரம் ஏறி நிற்கும். அதோடு குளிர், இரண்டு பெக், தூக்கமில்லாத இரவு.

அடுத்து, அமெரிக்கா. ‘ஜான்ஸ் ஹாப்கின்ஸ்லயே டிப்ரெஷனுக்குக் கொடுக்குறாங்க மாமா.’ கொடுக்கிறார்கள். எதைக் கொடுக்கிறார்கள் தெரியுமா? ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, காப்ஸ்யூலில் அடைத்த சைலோசைபினை. அதாவது, கெமிக்கலை! செக்கு எண்ணெய்க் கட்சியின் மூத்த சாட்சியே பிறழ்சாட்சி ஆகிவிட்டது. அந்த ஆய்வில் சேரும் முன் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். இதய நோய் இருந்தால், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லையென்றால், வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். மருந்து கொடுத்த பிறகும் மணிக்கணக்கில் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வட்டக்கானலில் கவரை நீட்டிய அண்ணன் ஈ.சி.ஜி. கேட்டாரா? ஜிபே ஆயிடுச்சா என்று கேட்டிருப்பார்.

நடந்தவையும் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. 1998இல் போலந்திலிருந்து வந்த பதிவு: காளான் தின்ற 18 வயதுப் பையனுக்கு மாரடைப்பு. இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை பிறவியிலேயே உண்டு. 2012இல் நியூசிலாந்து மருத்துவர்கள் எழுதியது: இதயமாற்று அறுவைசெய்து நன்றாக இருந்த இளம்பெண், காளானுக்குப் பின் இறந்துபோனாள். எத்தனை லட்சம் பேரில் இரண்டு பேர் என்பான். அரளிச் செடியைப் பார்த்தவர்களும் லட்சக்கணக்கில் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இன்னும் இயற்கை வேண்டுமா? காபோன் நாட்டில் இபோகா என்றொரு செடி. பட்டையும் வேரும் சடங்குக்கு உரியவை. அதிலிருந்து வரும் இபோகைன் போதைப் பழக்கத்தையே முறிக்கும் என்று மெக்சிகோவில் விடுதி போட்டு நடத்துகிறார்கள். இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தை அது நீட்டிவிடும். நீண்டால் துடிப்பு குழம்பி நின்றும் போகலாம். 1990க்கும் 2008க்கும் இடையில் இபோகைன் எடுத்த 76 மணி நேரத்துக்குள் இறந்த 19 பேரை ஓர் ஆய்வு பட்டியலிட்டது. புனித வேர், ஆதிகுடிகளின் ஞானம், கெமிக்கல் துளியும் இல்லை. அரளிக்குத் தூரத்து ஒன்றுவிட்ட அண்ணன். தாவரவியலில் நிஜமாகவே இரண்டும் ஒரே குடும்பம்.

அடுத்த துருப்புச்சீட்டு ஆல்பர்ட் ஹாஃப்மன். எல்.எஸ்.டி.யைக் கண்டுபிடித்தவர், தானே சாப்பிட்டவர், 102 வயது வரை வாழ்ந்தார். ஒவ்வொரு தெருவிலும் சுருட்டுப் பிடித்துத் தொண்ணூறைத் தாண்டிய தாத்தா ஒருவர் இருக்கிறார்; அவரை வைத்துப் புற்றுநோய் மருத்துவமனைகளை இழுத்து மூடிவிடலாமா? ஹாஃப்மன் எடுத்தது சான்டோஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தன் கையாலேயே தயாரித்து அளந்த பொருள். இங்கே ஸ்டாம்ப் என்று நாக்கில் ஒட்டிக்கொள்ளும் தாளில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. எல்.எஸ்.டி. என்ற பெயரில் என்-பாம் வகைச் சரக்கு வருவது உலகறிந்தது. அது ரத்த அழுத்தத்தையும் உடல் சூட்டையும் ஏற்றி ஆளையே கொன்றிருக்கிறது. 2023 ஜூனில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு ஒரே வழக்கில் ஏறக்குறைய 15,000 தாள்களைப் பிடித்தது. பிடிபடாதவற்றில் எத்தனை அசல் என்று யார் நக்கிப் பார்த்துச் சொல்வது?

இந்த ‘இயற்கை’ வாதம் சட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவில், காளான் இயற்கையாக விளைவது, அது கலவை அல்ல, ஆகவே அதன் மொத்த எடையைப் போதைப்பொருளின் எடையாகக் கணக்கிட முடியாது என்றது. தராசுத் தகராறு அது. சைலோசைபின் அன்றும் இன்றும் தடைசெய்யப்பட்ட பொருளே. ஆனால் வாட்ஸ்ஆப்பில் ‘காளான் இயற்கையானது: நீதிமன்றம்’ என்று அது தோரணம் கட்டிப் பறந்தது. நீதிபதி இதய நிபுணராகிவிட்டார்.

கொடைக்கானலுக்கு இயற்கை நஞ்சு புதிதும் இல்லை. பாதரசமும் பூமியிலிருந்து தோண்டி எடுப்பதுதான். அதை வைத்து வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. மண்ணில் கலந்த பாதரசத்தை அள்ளும் வழக்கு அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இப்போது அந்த மலைக்கு இ-பாஸ் வேண்டும், பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, குணா குகை வாசலில் செல்ஃபிக் கூட்டம். பூண்டு விளையும் பூம்பாறையையும், ஆடு மேயும் மன்னவனூரையும் காளானுக்கு மட்டுமே தெரிந்துவைத்திருக்கிற ஒரு தலைமுறை வார இறுதியில் வந்து இறங்குகிறது. ஊர்க்காரர்களுக்குக் கெட்ட பெயர். பிடிபடுவதும் அவர்கள் வீட்டுப் பையன்கள். வாங்கித் தின்றவன் திங்கட்கிழமை காலை ஓ.எம்.ஆரில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் நிற்பான்.

நிற்க முடியாமல் போகிறவன் ஒருவன் இருப்பான். ஏழாயிரம் அடி உயரத்தில் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடிப்பான். மதுரைக்கு 120 கிலோமீட்டர் போல, அதில் பாதி கொண்டையூசி வளைவு. இறக்கிக்கொண்டு போய்ச் சேர்த்ததும் மருத்துவர் கேட்பார்: ‘மாத்திரை, போதை ஏதாவது எடுத்தியாப்பா?’ ‘இல்ல டாக்டர்’ என்பான். பொய் சொல்வதாக அவன் நினைக்கமாட்டான். காளான் எப்படிப் போதையாகும், நேச்சுரலாயிற்றே. இருபத்தாறு வயதுக்காரனின் ஈ.சி.ஜி. ஏன் இப்படி இருக்கிறது என்று மருத்துவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, உண்மை தெரிந்த நண்பன் அவசரப் பிரிவு வாசலில் நின்று வாட்ஸ்ஆப் சாட்டை அழித்துக்கொண்டிருப்பான்.