சிறகுக்கு விலை பேசுவோர் பங்காளியைக் கேட்டனரா?

கொழும்பு வணிக வட்டாரத்திலே சில ஆண்டுகளாக ஒரு பேரம் நடைபெற்று வருகின்றது. சிறிலங்கன் எயர்லைன்ஸ் என்னும் அரச விமானக் கொம்பனியின் பங்குக்கு என்ன விலை? அதனை எவர் கையேற்பது? கடன் சொத்தை விஞ்சிவிட்டமையால் அப்பங்கு ஒரு சதமும் பெறாது என்கின்றனர் ஒரு சாரார். இந்தியாவுக்கும் மாலைதீவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்லும் உரிமைகளைக் கணக்கிட்டால் அது பொன் முட்டையிடும் வாத்து என்கின்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஏடு ஏடாகக் கணக்கெழுதுகின்றனர். ஆனால் இருவர் கணக்கிலும் ஒரு பெயர் இல்லை. அக்கொம்பனியின் கடனை வரியாகச் செலுத்தி வரும் தமிழ் பேசும் மக்களின் பெயரே அது.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்குப் பங்கு என்னும் சொல் புதிதன்று. நமது தேசவழமையிலே, ஒரு காணியின் பங்காளி தன் பங்கைப் பிறருக்கு விற்க எண்ணினால், முதலில் மற்றப் பங்காளிகளுக்கு அறிவித்தல் வேண்டும். அறிவியாது விற்றால் அவர்கள் வழக்கிட்டு அப்பங்கைத் தாமே விலைக்குப் பெறலாம். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையை எழுத்தில் வகுத்துத் தந்தது. இரண்டு பரப்புக் காணிக்கே இவ்வளவு நியாயம் உண்டெனில், நாட்டு மக்கள் அனைவருக்கும் உரித்தான விமானக் கொம்பனிக்கு இல்லையா? பங்காளியிடம் கடனை மட்டும் பங்கிட்டுக் கொடுத்து, விற்பனையையும் பயனையும் அவன் அறியாது முடிப்பது எந்தச் சட்டத்தில் அடங்கும் நீதி?

அதே 1947 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோன் தனது முதற் சேவையைத் தொடங்கியது. இரத்மலானையில் எழுந்த அந்த டக்கோட்டா விமானம் பலாலியில் இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. இலங்கையின் தேசிய விமானப் போக்குவரத்து யாழ்ப்பாண மண்ணைத் தொட்டே பிறந்தது என்பதை இளந்தலைமுறை அறிதல் வேண்டும். சுதந்திரத்துக்கு முன்னரே அமைந்த அவ்வழி பின்னர் அடைபட்டு, மீண்டும் திறக்க 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்பங்குகள் எவரெவர் கைமாறின என்பதையும் நோக்குவோம். 1949 இல் ஆஸ்திரேலியக் கொம்பனி ஒன்று எயர் சிலோனில் 49 வீதம் பங்கேற்றது. 1956 இல் ஒல்லாந்தரின் கே.எல்.எம். அவ்விடத்துக்கு வந்தது. அறுபதுகளில் பிரித்தானிய பி.ஓ.ஏ.சி., எழுபதுகளில் பிரெஞ்சு யு.டி.ஏ. என்று துணைவர் மாறிக்கொண்டே இருந்தனர். 1978 இல் எயர் சிலோன் மாண்டது. 1979 இல் எயர் லங்கா பிறந்தது. 1998 இல் துபாயின் எமிரேற்ஸ் அதன் முகாமையை ஏற்றது. சுமார் 7 கோடி டொலர் செலுத்தி ஈற்றில் 43.63 வீதம் பங்கைப் பெற்றது. பெயரும் சிறிலங்கன் எயர்லைன்ஸ் என மாறிற்று.

அக்கூட்டு எவ்வாறு முறிந்தது? 2007 டிசம்பரில், அன்றைய சனாதிபதியின் பரிவாரத்துக்கு இடமளிப்பதற்காக இலண்டன் விமானத்தில் ஆசனம் பெற்றிருந்த பயணிகளை இறக்க நிர்வாகம் மறுத்தது. தலைமை நிர்வாகியின் தொழில் அனுமதி உடனே இரத்தாயிற்று. 2008 மார்ச்சு மாதத்துடன் எமிரேற்ஸ் முகாமையிலிருந்து விலகியது. 2010 இல் அதன் பங்கை அரசு 5 கோடியே 30 இலட்சம் டொலருக்கு மீள வாங்கியது. ஆசனம் வேண்டியது ஆட்சியாளர் பரிவாரத்துக்கு. பணம் கொடுத்தது பொதுமக்கள் திறைசேரி!

அதன்பின் நடந்தது அரச நிர்வாகம் என்ற பெயரில் நடந்த சூறையாடல். 2013 இல் பத்துப் பெரிய எயர்பஸ் விமானங்களுக்கு ஓடர் கொடுக்கப்பட்டது. அவற்றுட் சிலவற்றை ஏற்காமல் விடுவதற்கே பின்னர் பல கோடி டொலர் தண்டம் கட்டப்பட்டது. 2015 இல் வெலியமுன குழு தனது அறிக்கையில் முறைகேடுகளை வரிசைப்படுத்தியது. 2020 சனவரியில் எயர்பஸ் கொம்பனி இலண்டன் நீதிமன்றின் முன் ஒப்புக்கொண்ட உண்மைக் கூற்றில் இலங்கைக் கொள்வனவு தொடர்பான இலஞ்சமும் இடம்பெற்றது. விமானத்தை ஏறிட்டும் பாராத வலிகாமத்து விவசாயி அந்த ஓடருக்கும் தண்டத்துக்கும் உரிய வட்டியைக் கட்டுகின்றான். எவ்வாறு? பெறுமதி சேர் வரி 2022 இன் தொடக்கத்தில் 8 வீதம். 2024 சனவரி முதல் 18 வீதம். முன்னர் விலக்களிக்கப்பட்டிருந்த பெற்றோலும் டீசலும் அதே நாள் முதல் அவ்வரிக்குள் வந்தன. தோட்டத்துக்கு நீரிறைக்கும் எந்திரத்திலும் விளைபொருளைத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றும் லொறியிலும் அவ்வரி எரிகின்றது. அரசு பிணைநின்ற இக்கொம்பனியின் 17 கோடியே 50 இலட்சம் டொலர் கடன் முறி 2024 யூனில் தவணை தவறியது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் கொம்பனியின் பழங்கடனுக்கென 2,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. பிணைகாரனின் ஆதனமே ஈற்றில் ஏலத்துக்கு வரும் என்பதை ஈட்டுறுதி எழுதிய எவரும் அறிவர். இங்கே பிணைகாரர் நாமே.

இனி, முதலீட்டாளர் வாதிடும் அந்த விலைக்கு வருவோம். கடனில் மூழ்கிய கொம்பனியை ஒருவர் ஏன் விரும்புகின்றார்? விமானங்களுக்காகவன்று, அவற்றுட் பெரும்பாலானவை குத்தகைக்குப் பெற்றவை. அவர்கள் விரும்புவது மூன்று. ஒன்று, கட்டுநாயக்காவில் எல்லா விமானங்களுக்கும் தரைப்பணி செய்யும் ஏகபோகம். இரண்டு, இலாபமீட்டும் உணவு வழங்கற் கொம்பனி. மூன்று, பிற நாடுகளுடன் செய்த ஒப்பந்தங்களாற் கிடைத்த பறக்கும் உரிமை. 1944 ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் முதல் உறுப்புரை, தன் ஆட்புலத்தின் மேலுள்ள வான்வெளியில் ஒவ்வோர் அரசுக்கும் முழுமையான தனியிறைமை உண்டென்கின்றது. அவ்விறைமையைக் கொண்டே அரசுகள் பறக்கும் உரிமையைக் கொடுத்தும் பெற்றும் கொள்கின்றன. அவ்வாறாயின் அவ்வுரிமை எந்தப் பணிப்பாளர் சபையின் முதுசொம்முமன்று, மக்களின் சொத்து. யாழ்ப்பாணத்தின் மேலுள்ள வானமும் அந்த இறைமைக்குள் அடங்கும். நமது வானத்தையும் சேர்த்து விலைபேசுவோர், நமது நிலத்தில் இறங்கும் கடமையை மட்டும் ஏன் மறக்கின்றனர்?

இத்தகைய விலை, கடனை எவர் தலையிற் கட்டுவது என்பதைப் பொறுத்தே ஏறி இறங்கும் என்பதற்கு அயல்நாடுகள் சான்று. பாக்கிஸ்தான் அரசு தனது விமானக் கொம்பனியின் 60 வீதத்துக்குக் குறைந்தது 8,500 கோடி ரூபா கேட்டது. 2024 ஒற்றோபரில் வந்த ஒரே கேள்வி 1,000 கோடி. அரசு மேலும் வரிச்சலுகை அளித்தது. 2025 டிசம்பரில் 75 வீதப் பங்கு 13,500 கோடிக்குப் போயிற்று. இந்தியாவிலே எயர் இந்தியாவைத் தாத்தா குழுமம் 18,000 கோடி ரூபாவுக்குக் கேட்டு, 2022 சனவரி 27 இல் கையேற்றது. கொம்பனியின் 61,562 கோடி ரூபாக் கடனில் வாங்கியவர் ஏற்றது 15,300 கோடியே. எஞ்சியது அரசின் தலையில் நின்றது. சிறகை வாங்கியவர் பறந்தார். சுமையை மக்கள் சுமந்தனர்.

எனினும் அந்த இந்திய விற்பனையில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. எயர் இந்தியாவை விற்ற டெல்லி அரசு, சிறு நகரங்களுக்குப் பறக்கும் அலையன்ஸ் எயரை விற்கவில்லை, தன்வசமே வைத்துக்கொண்டது. இலாபம் குறைந்த வழிகளுக்கு நட்டத்தை ஈடுசெய்யும் திட்டத்தையும் 2017 முதல் நடைமுறைப்படுத்தியது. 2019 ஒற்றோபர் 17 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்திறங்கியது அதே அலையன்ஸ் எயர்தான். தொற்றுநோயால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பர் முதல் இன்டிகோ சென்னையிலிருந்து வருகின்றது. 2025 மார்ச்சு இறுதியில் திருச்சிராப்பள்ளிச் சேவையும் தொடங்கியது. நாம் வரி கட்டும் தேசிய விமானக் கொம்பனி எங்கே? இலங்கைத் தீவின் வடமுனைக்கு வழியறிந்து வந்தவர் அயல்நாட்டார்; வழி மறந்தவர் நம்மையும் பங்காளர் என்று சொல்லிக் கடன் வாங்கியவர்.

ஓடுபாதை சிறிது, பெரிய விமானம் இறங்காது என்று விடை வரும். உண்மை. 2019 இல் பயணிகள் சேவைக்கென ஆயத்தமாக்கப்பட்டது 1,400 மீற்றர் நீளமே. இன்றும் வருபவை ஏ.ரி.ஆர். வகைச் சிறு விமானங்களே. ஆனால் 2013 இல் மத்தலவில் 20 கோடி டொலருக்கு மேற் செலவிட்டு மூன்றரைக் கிலோமீற்றர் ஓடுபாதை அமைத்தார்களே, அங்கே எந்தப் பயணி காத்திருந்தான்? பயணியில்லாத இடத்தில் ஓடுபாதை. பயணியுள்ள இடத்தில் நொண்டிச்சாட்டு. தொறன்ரோவிலும் இலண்டனிலுமிருந்து வரும் நமது உறவினர் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு முழுவதும் வான் வண்டியிற் குலுங்கி வந்து சேர்கின்றனர். சத்திரசிகிச்சைக்குச் சென்னை செல்லும் முதியவர், மாநாட்டுக்குச் செல்லும் வைத்தியர், படிக்கச் செல்லும் மாணவர் எவருக்கும் பலாலியே அண்மை. நமது வாழைக்குலையும் முருங்கைக்காயும் வெளிநாட்டுச் சந்தை காண வேண்டுமாயின் நெடுந்தெருவில் நானூறு கிலோமீற்றர் வாட வேண்டியிருக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓடுபாதையை நீட்டுகின்றோம் என்ற பெயரில் வலிகாமம் வடக்கின் செம்பாட்டுத் தோட்டங்களை மீண்டும் விழுங்க எவரையும் நாம் அனுமதிக்க மாட்டோம். 1990 இல் அங்கிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களின் காணிகள் இன்னும் முற்றாக விடுவிக்கப்படவில்லை. 2013 இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க ஒட்டப்பட்ட அறிவித்தலை எதிர்த்துக் காணிச் சொந்தக்காரர் நூற்றுக்கணக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏறினர். விமான நிலையத்துக்கு மெய்யாகத் தேவைப்படும் நிலம் எவ்வளவு என்பதை அளந்து வரைபடத்துடன் வெளியிடட்டும். உரியவருடன் பேசட்டும். மாற்றுக் காணியும் நியாயமான ஈடும் கொடுக்கட்டும். எஞ்சியதை உரித்தாளரிடம் ஒப்படைக்கட்டும். விமானமும் வேண்டும், தோட்டமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்கும் வித்தை நம்மிடம் செல்லாது.

யுத்தத்தால் அன்றோ சேவை அற்றது என்பர் சிலர். யுத்தம் கட்டுநாயக்காவையும் விட்டுவைக்கவில்லை. 2001 யூலையில் அங்கே விமானங்கள் எரிந்தன. ஆயினும் அந்நிலையம் மீள எழுந்தது, கொம்பனியும் மீண்டது. யுத்தம் 2009 இல் முடிந்தும் பலாலிக்கு மட்டும் மேலும் பத்தாண்டுகள் ஏன் தேவைப்பட்டன? விமானத்துக்கு இனமில்லை, இதிலும் இனம் பேசலாமா என்பர் வேறு சிலர். நன்று. கடனுக்கும் இனமில்லை. வரி அறவிடும்போது ஒரே நாடு. வழி வகுக்கும்போது இரு நாடா?

2024 ஏப்ரிலில் எயர் ஏசியா, ஹேலீஸ், ஃபிட்ஸ் ஏவியேசன் ஆகியவற்றின் சார்பில் வந்தவை உட்பட ஆறு விருப்பக் கேள்விகள் பங்குக்காக முன்வைக்கப்பட்டன, ஒன்றும் நிறைவேறவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஆட்சியேற்ற அரசு விற்பனையைக் கைவிட்டு, கொம்பனியை அரசுடைமையாகவே சீரமைப்பதாகக் கூறியது. நாளை மீண்டும் ஒரு துணைவர் தேடப்படலாம். விற்றாலும் நமக்குக் கவலை, விற்காவிடினும் நமக்குக் கவலை. ஆதலின் விற்பதா வைப்பதா என்னும் கொழும்பு வாதத்தில் நாம் எந்தக் கட்சியிலும் சேர வேண்டியதில்லை. எது நிகழினும் அந்த உறுதியில் நமது நிபந்தனைகள் எழுதப்படல் வேண்டும்.

முதலாவது, கொம்பனியின் கடன், பிணை, குத்தகை, பறக்கும் உரிமை அனைத்தின் கணக்கும் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டு, தமிழிலும் வெளியிடப்படல் வேண்டும். அதற்கு முன் எந்தப் பங்கும் கைமாறலாகாது.

இரண்டாவது, கடனை மக்களிடம் விட்டுவிட்டுத் தரைப்பணியையும் உணவு வழங்கலையும் மட்டும் பிரித்தெடுத்து விற்கும் எந்த ஒழுங்கும் கூடாது.

மூன்றாவது, பலாலிக்கும் மட்டக்களப்புக்கும் வாரந்தோறும் குறித்த எண்ணிக்கையான சேவை நடத்தும் கடமை, கொம்பனி எவர் கையிலிருப்பினும், உறுதியின் நிபந்தனையாதல் வேண்டும். அதற்கேற்ற சிறு விமானங்களைப் பெறுதல் வேண்டும்.

நான்காவது, பங்கு விற்கப்படுமாயின் அதில் ஒரு பகுதி மாகாணங்களுக்கும் தொழிலாளருக்கும் பொதுமக்களுக்கும் முதலில் கொடுக்கப்படல் வேண்டும். அதுவே பங்காளிக்குச் செய்யும் நீதி.

இவற்றை நமது பிரதிநிதிகள் பாராளுமன்றில் எழுந்து கேட்டல் வேண்டும். வணிகர் கழகங்களும், கமக்காரர் அமைப்புகளும், வைத்தியர், பொறியியலர், சட்டத்தரணிகள் சங்கங்களும் தத்தம் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றி அமைச்சுக்கு அனுப்புதல் வேண்டும். உரிமை அறிவித்தல் கொடாத பங்காளியின் பங்கு அயலவன் கைக்குப் போவதை நமது நீதிமன்றுகளில் நாள்தோறும் காண்கின்றோம். அறிவித்தல் கொடுக்கும் காலம் இதுவே. விலை தீர்ந்தபின் வழக்காடுவதைவிட, பேரம் நடக்கையிலேயே குரல் கொடுப்பது மேல்.