முதியவரிடமே கேட்போம்

பாரிசவாதத்தால் விழுந்து, வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய முதியவர்களை நாம் சந்திக்கச் செல்வதுண்டு. கை கால் வழங்காததைப் பற்றித் தயங்காமல் பேசுவார்கள். தம்மை அறியாமல் சலம் போவதைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். வீட்டாரோ துணி கட்டுவதா, இரவில் தண்ணீரை நிறுத்துவதா என்று தமக்குள்ளே தீர்மானித்து விடுகிறார்கள். கட்டிலில் கிடப்பவரிடம் எவரும் கேட்பதில்லை.

இது தவறு என்பதே எமது கருத்து. பாரிசவாதம் கண்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆரம்பத்தில் இக்குறை ஏற்படுகின்றது. பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது குறையும். அதற்கு நோயாளியின் சொந்த முயற்சியும் வேண்டும். எப்போது சலம் முட்டுகிறது, எவ்வளவு தூரம் நடக்கலாம், யார் உதவினால் கூச்சமில்லை என்பவை அவருக்கே தெரிந்தவை. பேச்சு வராதவரும் தலையசைத்துச் சொல்லலாம்.

மூன்று நாட்களுக்கு, எப்போது குடித்தார், எப்போது சலம் போனது, எப்போது உடுப்பு நனைந்தது என்று குறித்து வாருங்கள். பேரப்பிள்ளை கொப்பியில் எழுதட்டும். சொல்பவர் அப்புவாக இருக்கட்டும். அதைப் பார்த்து, நனையுமுன் போகவேண்டிய நேரத்தை அவரே வகுக்கலாம். முதலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை; பின்னர் சிறிது சிறிதாக இடைவெளியைக் கூட்டலாம். இருமும்போது சலம் சிந்தும் ஆச்சிமாருக்கு, சலத்தை அடக்குவதுபோல அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உதவும். அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கீகல் 1948இல் இதனை விளக்கி எழுதினார். பலன் தெரிய மூன்று மாதமளவில் செல்லலாம்.

தண்ணீரை மறிக்க வேண்டாம். சலம் கடுத்துப் பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். பொழுதுபட்டபின் தேத்தண்ணீரைக் குறைத்தால் போதும். நடுவில் துவாரமிட்ட கதிரையும் கீழே ஒரு வாளியும் இரவுக்கு உதவும். அதை எங்கே வைப்பதென்று அவரிடம் கேளுங்கள். எரிவு, காய்ச்சல், இரத்தம் கண்டாலோ, சலம் அடியோடு நின்றாலோ உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

இடம்பெயர்ந்த எமக்கு இது விளங்காத விடயமல்ல. எங்கே தங்குவது, எதை உண்பது, எப்போது ஊர் திரும்புவது என்பதைப் பிறர் எம்மைக் கேளாமலே தீர்மானித்தபோது, நிவாரண அரிசி கிடைத்தும் மனம் நொந்தோம். அதே நோவை வீட்டு முதியவருக்கு நாம் கொடுக்கலாமா? வயலுக்கு எப்போது மடை திறப்பதென்று முடிவெடுத்தவர் அவர். தம் உடலைப் பற்றிய முடிவும் அவருடையதாக இருக்கட்டும். இன்று மாலையே அவரருகில் இருந்து, தாழ்ந்த குரலில் கேட்போம்.